வால்பாறைக் காட்டில் எடுத்த படம் சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வால்பாறை பஜாரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம் என்று வாரம் ஓடும். ஞாயிறு கடையைச் சாத்திவிட்டுப் புதுத்தோட்டம் பக்கமோ, சோலையாறு தாண்டி கேரள எல்லையில் மளுக்கப்பாறை பக்கமோ கேமராவோடு போய்விடுவேன். சீசன் நாட்களில் சாயங்காலமானால் வெளியூர்க்காரர்கள் கடைக்கு வருவார்கள். "அண்ணா, லென்ஸ்ல ஏதோ பிரச்சன போல. கொஞ்சம் பாருங்களேன்."

பெரும்பாலும் லென்ஸில் ஒன்றும் இருக்காது. இந்த மலையின் மூட்டம், ஈரம், மரநிழல் மூன்றும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கும். இல்லையென்றால் அவசரம். எது என்று கண்டுபிடிக்க ஒரே சாட்சி அந்தக் கெட்ட படம்தான். அதைத்தான் பாதிப் பேர் ஜீப்பிலேயே அழித்துவிட்டு வருகிறார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் போகிற கதை.

ஆகவே அழிக்காதீர்கள். அறைக்கு வந்து படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் எங்கேயாவது, ஒரு இலையாவது, கூர்மையாக இருக்கிறதா? மங்கல் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறதா, வட்டமாகப் பரவியிருக்கிறதா? ஷட்டர் வேகம் (படம் பதியும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக்கொள்கிறது என்ற எண்), ஜூம் எவ்வளவு? இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு கீழே உங்கள் படத்துக்குப் பொருந்தும் இடத்துக்குப் போங்கள்.

படம் முழுக்க மங்கல், எங்கேயும் கூர்மை இல்லை

இலைகளுக்கு நடுவே தெரியும் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் கோடு கோடாக நீண்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. வட்டத் தட்டுகளாக உப்பியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும், பாதி வியாதி பிடிபட்டுவிடும்.

கை ஆட்டம் என்றால் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். நான் முதன்முதலில் நண்பரிடம் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் இரவல் வாங்கிக்கொண்டு புதுத்தோட்டத்துக்குப் போனது இன்னும் நினைவிருக்கிறது. சாலையோர மரத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம், பலாப்பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. லென்ஸ் கொடுத்தவர் மேல் மனசுக்குள் கோபம் வேறு. இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன்: எல்லாப் படமும் நொடியில் 80-இல் ஒரு பங்கு. ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு 800 என்று உச்சவரம்பு வைத்திருந்தேன், கல்யாண மண்டபத்துக்காக. மரநிழலில் வெளிச்சம் போதாமல் கேமரா பாவம் ஷட்டரை மெதுவாக்கிக்கொண்டே போயிருக்கிறது.

பழைய கணக்கு இதுதான்: லென்ஸ் நீளம் (அதன்மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்) எவ்வளவோ அதற்குக் குறையாத ஷட்டர் வேகம். 600 மி.மீ. என்றால் 1/600. சின்ன சென்சார் கேமரா என்றால் நிக்கான், சோனியில் 1.5 ஆலும் கேனானில் 1.6 ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். 1/1000 பக்கம் வந்துவிடும். லென்ஸில் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் அதைவிடக் கீழே இறங்கலாம். ஆனால் காட்டு நிழலில் என் கணக்கு இப்படி: அன்றைய 1/80-ஐ 1/640 ஆக்க மூன்று படி (ஒரு படி என்றால் இரண்டு மடங்கு) ஏற வேண்டும், அதாவது ஐஎஸ்ஓ 800-லிருந்து 6400. படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி விழும்தான். புள்ளி விழுந்த படத்தைக் கணினியில் தேற்றிவிடலாம். ஆடிய படத்தை எந்த மென்பொருளும் எழுப்பி உட்கார வைக்காது. ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சவரம்பை 6400 ஆக்கி, குறைந்தபட்ச ஷட்டர் 1/640 என்று மெனுவில் போட்டுவிடுங்கள்.

ஜீப்பிலிருந்து எடுத்த படமா? அப்படியென்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று யோசியுங்கள். டீசல் எஞ்சினின் அதிர்வு கம்பி வழியாகக் கைக்கு வந்து லென்ஸ் முனையில் பல மடங்காகும். "அண்ணே, வண்டிய கொஞ்சம் ஆஃப் பண்ணிக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. யானை பக்கத்தில் நிற்கும்போது மட்டும் ஆஃப் செய்யச் சொல்லாதீர்கள். டிரைவர் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது.

ஜன்னல் விளிம்பில் வைக்க ஒரு துணிப் பையில் தானியம் நிரப்பி வைத்துக்கொண்டால் முக்காலியே தேவையில்லை. நான் பச்சைப்பயறு நிரப்பினேன். ஆடி மழையில் ஒருமுறை நனைந்து, பையை மறந்துபோய், மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் துணியைத் துளைத்துக்கொண்டு முளை எட்டிப் பார்க்கிறது. இப்போது பழைய தெர்மாகோல் மணிகள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மங்கலா? முன்னால் மாட்டியிருக்கும் யூவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுங்கள். மலிவான கண்ணாடி நீள லென்ஸின் கூர்மையைத் தின்றுவிடும். முக்காலியில் வைத்திருந்தால் ஸ்டெபிலைசரை அணைத்தும் பாருங்கள். சில பழைய லென்ஸ்களில் அசைவே இல்லாதபோது அதுவே அசைவை உண்டாக்கும்.

மரம் கூர்மை, குரங்கு மட்டும் மங்கல்

கை ஆடவில்லை, குரங்கு ஆடியிருக்கிறது. ஸ்டெபிலைசர் உங்கள் கையைத்தான் பிடிக்கும், குரங்கின் வாலைப் பிடிக்காது. உட்கார்ந்து தின்னும் குரங்குக்கு 1/320 போதும். கிளை விட்டுக் கிளை தாவினால் 1/1000-க்கு மேல். பறக்கும் இருவாச்சிக்கு (பெரிய அலகுள்ள காட்டுப் பறவை) 1/2000 வைத்துக்கொள்வேன். ஃபோகஸும் தொடர் முறையில் இருக்க வேண்டும்: கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. ஒற்றை முறையில் விட்டால் நீங்கள் பொத்தானை அழுத்தியபோது விலங்கு இருந்த தூரத்திலேயே ஃபோகஸ் நின்றுபோகும்.

முன்னால் இருக்கும் சுள்ளி கூர்மை, பின்னால் இருக்கும் மிருகம் மங்கல்

இங்கே அதிகம் பார்க்கும் நோய் இதுதான். தேயிலைச் செடிக்குப் பின்னால் நிற்கும் காட்டுமாடு, புல்லுக்குள் படுத்திருக்கும் செந்நாய், ஈட்டி மரக்கிளைகளுக்குள் கருமந்தி. கேமராவை அகலப் பரப்பில் ஃபோகஸ் செய்ய விட்டால் கிட்டத்தில் இருப்பதையும் பளிச்சென்று தெரிவதையும்தான் முதலில் கவ்வும். ஒற்றை ஃபோகஸ் புள்ளிக்கு மாற்றிக் கண்மேல் வையுங்கள். விலங்கின் கண்ணைத் தானே தேடும் வசதி புதிய கேமராக்களில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கருமந்தியின் கறுப்பு முகத்தில் கறுப்புக் கண், அதுவும் நிழலில் என்றால் அது திணறும். அப்போது முகத்தைச் சுற்றியிருக்கும் வெளிர்பழுப்பு முடி விளிம்பில் புள்ளியை வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

சுள்ளிகள் ரொம்ப அடர்த்தியா? முதலில் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பி விலங்கு ஓரளவு தெளிவாகும்வரை கொண்டுவந்து, பிறகு பொத்தானை அழுத்துங்கள். கேமரா அந்தத் தூரத்திலிருந்து தேடத் தொடங்கும்.

மூக்கு கூர்மை, கண் மங்கல் என்றால் வேறு விஷயம். 600 மி.மீ. லென்ஸ், எஃப் 6.3 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும், கூர்மை ஆழம் கூடும்), பத்து மீட்டர் தூரம், சின்ன சென்சார்: கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 7 செ.மீ.தான். என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. சிங்கவால் குரங்கின் மூக்கிலிருந்து பிடரி வரை அதற்குள் அடங்காது. எஃப் 8-க்குப் போகலாம், அல்லது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கலாம். எப்போதும் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ தவறுகிறது, அதுவும் உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் மட்டும் பாடியையும் லென்ஸையும் சந்தேகப்படுங்கள். மேசையில் சாய்வாக ஒரு ஸ்கேலை வைத்து, வ்யூஃபைண்டர் வழியாக ஒன்று, லைவ் வ்யூவில் (பின்திரையைப் பார்த்து) ஒன்று எடுங்கள். லைவ் வ்யூ சரியாகவும் மற்றது தள்ளியும் இருந்தால் மெனுவில் இருக்கும் ஃபோகஸ் நுண்திருத்தத்தில் சரிசெய்யலாம்.

மூட்டத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, படமே எடுக்க மாட்டேன் என்கிறது

ஃபோகஸ் என்பது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் நடுவே ஒரு விளிம்பைத் தேடுகிற வேலை. மூட்டம் அந்த விளிம்பை அழித்துவிடுகிறது. லென்ஸ் என்ன செய்யும், கடைசிவரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது.

போன மார்கழியில் ஒரு காலை. ஆறே முக்கால் இருக்கும். தேயிலைக் காட்டு ஓரத்தில் ஒற்றைக் காட்டுமாடு. முதுகு தெரியவில்லை, வயிறு தெரியவில்லை, நாலு வெள்ளைக் காலும் இரண்டு கொம்பும் மட்டும் மூட்டத்தில் மிதக்கின்றன. மூச்சு விட்டபோது மூக்கிலிருந்து ஆவி கிளம்பிக் கொம்பு வரைக்கும் ஏறியது. லென்ஸ் உர் உர்ரென்று ஓடுகிறது. அன்றைக்குக் கைகொடுத்தது லென்ஸ் பக்கத்தில் இருக்கும் லிமிட்டர் விசை. கிட்டத்துத் தூரங்களைத் தேடாதே என்று அதில் சொல்லிவிடலாம். ஓட்டம் பாதியாகக் குறையும். பிறகு கொம்பின் கறுத்த நுனியில் ஒற்றைப் புள்ளியை வைத்தேன், பிடித்தது. பிடித்ததும் கையால் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டேன். மாடு நகராதவரை அது போதும்.

மூட்டப் படம் வீட்டில் பார்க்கும்போது வெளிறித்தான் இருக்கும். கணினியில் மூட்டம் நீக்கும் டீஹேஸ் வசதியை முழுக்க இழுத்து மூட்டத்தையே துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததே அதற்காகத்தானே என்று எனக்குத் தோன்றும்.

காட்டுமாடு சாம்பல் நிறம், இருவாச்சி கரித்துண்டு

இரண்டும் ஒரே நோய், எதிர்த் திசையில். கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு உலகம் நடுத்தரச் சாம்பல். கரிய மாடு படத்தை நிறைத்தால் "இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றும்; மாடு சாம்பலாகும், வெள்ளைக் கால் வெளுத்துக் காணாமல் போகும். எக்ஸ்போஷர் ஈடுகட்டலில் (படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு) -0.7 அல்லது -1 வையுங்கள். வெள்ளை வானத்தில் இருவாச்சி என்றால் மீட்டர் வானத்தைப் பார்த்து இருட்டாக்கும்; +1, சில நேரம் +1.7 வரை. மூட்டத்தில் +0.7. வானம் வெளுத்துப் போகட்டும், அதில் பார்க்க ஒன்றுமில்லை. முடித்தவுடன் சுழிக்குத் திருப்ப மறக்காதீர்கள். திங்கட்கிழமை பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது நான் பலமுறை மறந்து அசடு வழிந்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் ஒரு பச்சைப் பூச்சு

இலை வழியாக வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சைதான். சிங்கவால் குரங்கின் வெள்ளிப் பிடரியில் அது முதலில் தெரியும். ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால், நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் கொஞ்சம் மெஜந்தா பக்கம் தள்ளினால் போதும். ஜேபெக் மட்டும்தான் என்றால் ஓரளவுக்குத்தான் முடியும்.

காலையில் பளிச், பத்து மணிக்கு மேல் எல்லாம் கொழகொழ

இது வால்பாறையில் குறைவு. உடுமலையிலிருந்து மறையூர் போகிற வழியில் இருக்கும் சின்னாறில் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம் அது. முள்காடு, காய்ந்த மண், வெயில். தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று ஆடும்போது தூரத்துப் பொருள் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். வரிசையாக எடுத்த படங்களில் கொம்பு விளிம்பு ஒவ்வொன்றிலும் வேறு வேறு மாதிரி வளைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஷட்டரும் ஐஎஸ்ஓவும் இதற்கு மருந்தில்லை. தூரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வெயில் ஏறுமுன் போக வேண்டும். இன்னொன்று: சூடான பானெட்டுக்கு மேலாக லென்ஸை நீட்டினால் குளிர் காலையிலும் இதே நெளிசல் வரும். பக்கவாட்டு ஜன்னலிலிருந்து எடுங்கள்.

லென்ஸில் பனி படர்கிறது

மலை ஏறும்போது படராது, இறங்கும்போதுதான் படரும். குளிர்ந்த கண்ணாடி வெப்பமான ஈரக்காற்றைச் சந்தித்தால் நீர்த்துளி கட்டும். இரவெல்லாம் வால்பாறைக் குளிரில் கிடந்த லென்ஸோடு விடிகாலையில் மளுக்கப்பாறை வழியாக வாழச்சாலுக்கு இறங்குகிறவர்களுக்கு இது தவறாமல் நடக்கும். ஏசி போட்ட காரும் அதே வேலையைச் செய்யும். துணியால் துடைத்தால் மறுபடி படரும். இறங்குவதற்கு முன்பே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையோடு வெளிக்காற்றின் சூட்டுக்குப் பழகவிடுங்கள். இருபது, முப்பது நிமிடம் ஆகும். பனி படர்ந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள்.

மேலே துடைத்தும் போகாமல், உள்ளே சிலந்தி வலை இழைபோல் தெரிந்தால் அது பனியல்ல, பூஞ்சை. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே ஜூன் முதல் பீரோவுக்குள் செருப்புகூடப் பூக்கும். ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, மூன்றும் போதும். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசி டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கம் வேண்டாம், தவிடு உள்ளே போகும். வந்துவிட்ட பூஞ்சையை நீங்களே திறந்து துடைக்கப் பார்க்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள்.

முக்கியமான நேரத்தில் கேமரா நின்றுவிடுகிறது

பஃபர், அதாவது கார்டில் எழுதுமுன் படங்கள் காத்திருக்கும் இடம், நிறைந்துவிட்டது. ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்து எழுதுகிறதா என்று பாருங்கள், ஒன்றை நிறுத்துங்கள். வேகமான கார்டு வாங்குங்கள். பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காமல் மூன்று மூன்றாக எடுங்கள். நீர்நாய் தலை தூக்கும் வரையாவது பொறுங்கள்.

படம் கூர்மை, வெளிச்சம் சரி, ஆனால் எல்லாப் படத்திலும் விலங்கு உங்களையே பார்க்கிறது

இதைக் கோளாறு என்று யாரும் கடைக்குக் கொண்டு வருவதில்லை. பெருமையாகக் காட்டுவார்கள். காது இரண்டும் விரிந்து, தும்பிக்கை நுனி உங்கள் பக்கம் தூக்கி மோப்பம் பிடிக்கும் யானை. தலை நிமிர்த்தி மேய்ச்சலை விட்டுவிட்ட காட்டுமாடு. நீங்கள் ரொம்பக் கிட்டே போயிருக்கிறீர்கள் என்று அந்தப் படமே எழுதிக் காட்டுகிறது. வரிசைப் படங்களில் முதல் படத்துக்குப் போங்கள். எந்தப் படத்தில் மேய்வது நின்றது? அதற்கு முந்திய இடத்தில்தான் நீங்கள் நின்றிருக்க வேண்டும். அடுத்த முறை அதற்கும் பின்னால் நின்று, உட்கார்ந்து, அது திரும்ப மேயத் தொடங்கும்வரை கேமராவைத் தூக்காமல் இருங்கள். பழம், பிஸ்கட் போட்டு வரவழைக்கிற வேலை கூடவே கூடாது. புதுத்தோட்டத்துக் குரங்குகள் சாலைக்கு இறங்கிப் பழகியதால் வண்டிக்கு அடியில் போகின்றன. அதற்காகத்தான் மரத்துக்கு மரம் அங்கே பாலம் கட்டியிருக்கிறார்கள். இரவில் டார்ச் அடித்துத் தேடினால் வனத்துறை பிடிக்கும். சரணாலயத்துக்குள் படமெடுக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். மளுக்கப்பாறை செக்போஸ்டில் சேட்டன் சீட்டில் நேரம் எழுதித் தந்து, "நடுவுல நிர்த்தண்டா" என்று பாதித் தமிழில் சொன்னால், நிறுத்தக் கூடாது.

எனக்கும் இந்தக் கோளாறு இருந்தது. எஸ்டேட் நடுவே ஒரு துண்டுச் சோலையில் இருவாச்சிக் கூடு. பெண் பறவை பொந்துக்குள் போய் எச்சத்தாலும் மக்கிய மரத்தூளாலும் வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்குப் பிளவு மட்டும் விட்டிருக்கும். ஆண் கொண்டுவரும் பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடியினர் இந்தக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் போய் உட்கார்ந்தேன். ஆண் வந்தது. எதிர் மரத்தில் உட்கார்ந்தது. தொண்டைக்குள் அத்திப்பழங்கள், அலகில் ஒன்று. கண் கூர்மை, மஞ்சள் அலகு கூர்மை, வெளிச்சம் அருமை. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே இருக்கிறேன். கூட வந்த வாட்சர் அண்ணன் அரை மணி நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "தம்பி, அது கூட்டுக்குப் போகல பாத்தியா."

திரையில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அதே கிளை, அதே பழம், அதே கண், என்னையே பார்த்தபடி. பையை மூடிக்கொண்டு எழுந்தோம். சோலையை விட்டு வெளியே வந்து, தேயிலைக்குள் இரண்டாவது திருப்பம் தாண்டியபோது பின்னால் ரயில் போகிற மாதிரி ஒரு இறக்கைச் சத்தம், மரத்திலிருந்து மரத்துக்கு.